அத்தியாயம் 9: நூசா துவாவில் மாநாடு, பாலியில் விடுமுறை

ஒருவர் அலுவலகச் செலவில் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகிறார். கணவரோ மனைவியோ சொந்தச் செலவில் டிக்கெட் எடுத்து உடன் செல்கிறார். மாநாடு முடிந்ததும் நான்கைந்து நாள் இருவரும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இத்தகைய பயணத்துக்கு இந்தோனேசியாவின் பாலித் தீவு மிகவும் தோதானது. 2007இல் ஐ.நா. பருவநிலை மாநாடு, 2013இல் ஏபெக் உச்சி மாநாடு, 2018இல் சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் சேர்ந்து நடத்திய ஆண்டுக் கூட்டம், 2022இல் ஜி-20 உச்சி மாநாடு ஆகிய எல்லாமே தீவின் தென்கோடியில் இருக்கும் நூசா துவாவில்தான் நடந்தன. மருத்துவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள், வங்கித் துறையினர் என்று பல தரப்பினரும் இங்கே கூடுகிறார்கள்.

இந்தப் பயணம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மாநாட்டுக்குப் போகிறவரின் நாளை அமைப்பாளர்கள் மணிக்கணக்காகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உடன் வருபவரின் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மாநாடு நடக்கும் மூன்று பகலும் அவர் அறையிலும் நீச்சல் குளத்தோரமும் காத்திருக்கிறார். நான்காம் நாள் சலிப்போடு சுற்றுலாவைத் தொடங்குகிறார். அதனால் முதலில் திட்டமிட வேண்டியது உடன் வருபவரின் அந்த மூன்று பகல்களை. முன்னேற்பாடுகளைச் சொல்லிவிட்டு இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் போகிறது.

எப்போது போவது

மாநாட்டுத் தேதி உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்தத் தேதியில் பாலி எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள முடியும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைவு. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். டிசம்பர், ஜனவரியில் கனமழை. ஜூலை, ஆகஸ்டிலும் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். தேதியைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே சிறந்தவை.

மார்ச் மாதத்தில் போகிறவர்கள் 'ந்யெப்பி' எப்போது வருகிறது என்று கட்டாயம் பாருங்கள். சக நாட்காட்டியின்படி பாலி மக்களின் புத்தாண்டு அது. அன்று காலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஆறு மணி வரை தீவே அடங்கிவிடும். விமான நிலையம் மூடப்படும், கடைகள் திறக்காது, சுற்றுலாப் பயணிகளும் ஹோட்டலை விட்டு வெளியே போகக் கூடாது. திரும்பும் விமானத்தை அந்த நாளில் போட்டுவிடாதீர்கள். ஆனால் முந்தைய நாள் மாலையில் ஊரில் இருக்க முடிந்தால் நல்லது. 'ஓகோ-ஓகோ' எனப்படும் பிரம்மாண்டமான பூத உருவங்களை இளைஞர்கள் தோளில் சுமந்து தெருத்தெருவாக ஊர்வலம் போவார்கள்.

விசா, வரி, பணம்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பாலி விமான நிலையத்தில் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம். முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கட்டணம் ஆளுக்கு 5 லட்சம் ரூபியா. 30 நாள் செல்லும், ஒருமுறை நீட்டிக்கலாம். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும். பார்வையாளராகக் கூட்டத்தில் கலந்துகொள்ள இந்த விசா போதும். அங்கே பணம் பெற்றுக்கொண்டு உரையாற்றுவதோ பயிற்சி நடத்துவதோ வேறு வகை. அப்படியானால் எந்த விசா வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் பாலி மாகாண அரசுக்கு ஒன்றரை லட்சம் ரூபியா சுற்றுலாத் தீர்வை கட்ட வேண்டும். இது விசாக் கட்டணத்தில் சேராது. இணையத்தில் கட்டி ரசீதைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சைபர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஒரு லட்சம் ரூபியா நம் பணத்தில் ஐந்நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும்; அந்தக் கணக்கு மனதில் இருந்தால் போதும். உணவக அட்டையில் '45' என்றோ '45கே' என்றோ இருந்தால் 45 ஆயிரம் என்று பொருள். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் தனி. பில்லில் சுமார் 21 சதவீதம் ஏறும். பணம் மாற்ற வங்கியோ முறையான உரிமம் பெற்ற கடையோதான் நல்லது. தெருவோரத்தில் அதிக விலை தருவதாகப் பலகை வைத்திருப்பவர்களிடம் போக வேண்டாம்.

லேப்டாப்பின் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது. உருண்டையான இரு முனை கொண்ட அடாப்டர் இரண்டு வாங்கிப் போங்கள்.

அலுவலகத்தோடு பேசி முடிக்க வேண்டியவை

பின்வரும் நான்கு விஷயங்களில் தெளிவு இல்லாவிட்டால் திரும்பி வந்த பிறகு மாதக்கணக்கில் கணக்குப் பிரிவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதலாவது, விமான டிக்கெட். மாநாடு முடிந்த மறுநாள் திரும்பினால் என்ன கட்டணம், ஐந்து நாள் கழித்துத் திரும்பினால் என்ன கட்டணம் என்று ஒரே நாளில் ஒரே தளத்தில் பார்த்து, இரண்டையும் படமெடுத்து விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். பின்னது அதிகமானால் வித்தியாசத்தை நீங்களே கட்டுவதாக எழுதுங்கள். விடுப்புக்கான ஒப்புதலும் எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, அறை. ஒரே அறையில் இருவர் தங்கப் போவதை ஹோட்டலுக்கு முன்பே சொல்லுங்கள். இரண்டாவது ஆளின் காலை உணவுக்குப் பல இடங்களில் தனிக் கட்டணம் உண்டு. அறைக்கு ஒரு பில், மற்றவற்றுக்கு ஒரு பில் என்று முதல் நாளே பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, வரி. அலுவல் பயணத்தில் உடன் வரும் குடும்பத்தினருக்கு நிறுவனம் செலவு செய்தால், இந்திய வருமான வரியில் அது ஊழியருக்குக் கிடைத்த சலுகையாகவே கணக்கிடப்படும். அலுவல் பயணத்தை விடுமுறையாக நீட்டித்தால், நீட்டித்த நாட்களுக்கு நிறுவனம் செய்யும் செலவுக்கும் இது பொருந்தும். துணைவரின் செலவை முழுவதும் சொந்தக் கையிலிருந்து செய்துவிட்டால் எந்தச் சிக்கலும் இல்லை.

நான்காவது, காப்பீடு. அலுவலகப் பயணக் காப்பீடு விடுமுறை நாட்களையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இருவருக்கும் முழுப் பயணத்துக்கும் தனிக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

உடன் வருபவரின் மூன்று பகல்கள்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறி பாலியின் டென்பசாருக்குப் போகலாம். பாலி நேரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. விமான நிலையத்திலிருந்து நூசா துவாவுக்குக் கடலுக்கு மேலே போடப்பட்ட பாலி மண்டாரா சுங்கச் சாலை வழியாக அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

நூசா துவா 1970களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட சுற்றுலா வளாகம். வாயில்களில் வாகனங்களைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். தனியாக நடக்கப் பாதுகாப்பான இடம். ஆனால் வளாகத்துக்கு உள்ளேயே இருந்தால் பாலியைப் பார்த்ததாக ஆகாது.

முதல் பகல் நடைக்கு. கடற்கரை கிழக்குப் பார்த்தது. ஆறு மணிக்கு எழுந்தால் சூரியோதயம் பார்க்கலாம். பவளப்பாறைத் திட்டு அலைகளைத் தடுப்பதால் கடல் அமைதியாக இருக்கும். கரையோர நடைபாதையில் சென்றால், பாறை இடுக்கில் அலை மோதி நீர் உயரே பீய்ச்சியடிக்கும் 'வாட்டர் ப்ளோ' வரும். வெயில் ஏறியதும் பசிபிகா அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். பாலிக்கு வந்து வரைந்த ஐரோப்பியர்களின் ஓவியங்களையும் இந்தோனேசிய ஓவியர்களின் படைப்புகளையும் அங்கே சேர்த்துப் பார்க்கலாம். மாலையில் அருகிலுள்ள பூஜா மண்டலா. மசூதி, கத்தோலிக்கத் தேவாலயம், புத்த விகாரை, புராட்டஸ்டன்ட் தேவாலயம், இந்துக் கோயில் ஆகிய ஐந்தும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் அது.

இரண்டாம் பகல் சனூருக்கும் டென்பசாருக்கும். சனூரில் பெல்ஜிய ஓவியர் லெ மாயூரின் கடற்கரை வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. 1932இல் பாலிக்கு வந்த அவர், தன் ஓவியங்களுக்கு நின்ற நி போல்லோக் என்ற நாட்டியக்காரியை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். பிறகு டென்பசாரில் படூங் சந்தை. பக்கத்திலேயே ஜலான் சுலவேசி என்ற ஜவுளித் தெரு. கடைக்குக் கடை துணி குவித்திருப்பார்கள். ஊடை நூலை முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து நெய்யும் 'எண்டெக்' துணி பாலியின் தனி அடையாளம். கைத்தறியா, அச்சிட்டதா என்று துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தறியில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிறம் இருக்கும்.

மூன்றாம் பகல் சமையல் வகுப்புக்கு. பெரும்பாலான வகுப்புகள் காலைச் சந்தையில் தொடங்கி மதியச் சாப்பாட்டில் முடியும். பாலிச் சமையலுக்கு அடிப்படை ஒரு மசாலா விழுது. சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, கச்சோலம், மிளகாய், மல்லி, மிளகு எல்லாவற்றையும் கல்லில் வைத்து அரைத்து எண்ணெயில் வதக்குவார்கள். பாதிப் பொருள் நம் அடுக்களையில் இருப்பவை. மீதி நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பவை. சமைக்கத் தெரிந்தவருக்கு இந்த அரை நாள் பெரிய விருந்து. சமையலில் ஆர்வம் இல்லாதவர் சேலூக் கிராமத்து வெள்ளிப் பட்டறைகளில் ஒன்றில் உட்கார்ந்து தன் கையால் ஒரு மோதிரம் செய்து பார்க்கலாம்.

காரும் ஓட்டுநரும் எட்டு முதல் பத்து மணி நேரத்துக்குச் சுமார் 6 முதல் 8 லட்சம் ரூபியாவுக்குக் கிடைக்கும். குறுகிய தூரத்துக்கு கிராப், கோஜெக் செயலிகளும் ப்ளூ பேர்ட் டாக்ஸியும் நம்பகமானவை. சில இடங்களில் உள்ளூர் ஓட்டுநர்கள் செயலி வண்டிகளை ஆள் ஏற்ற விடுவதில்லை. அங்கே வாக்குவாதம் செய்யாமல் கொஞ்ச தூரம் நடந்து போய் ஏறிக்கொள்ளுங்கள்.

மாலைகள் இருவருக்கும் பொதுவானவை

பாலி நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரை வரை அமர்வு நடக்கும் நாளில் சூரிய அஸ்தமனம் பார்க்கப் புறப்படாதீர்கள்; வழியில் நெரிசலில் நின்றுகொண்டுதான் பார்ப்பீர்கள். மாநாட்டு அட்டவணையில் எந்த நாள் சீக்கிரம் முடிகிறது என்று பார்த்து, அந்த மாலையை உலுவாட்டுக் கோயிலுக்கு ஒதுக்குங்கள். நான்கு மணிக்குக் கிளம்ப முடிந்தால் நிம்மதி.

கடலிலிருந்து சுமார் 70 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் அந்தக் கோயில் நிற்கிறது. திறந்தவெளி அரங்கில் அந்தி சாயும்போது கெச்சாக் நடனம் தொடங்கும். மிருதங்கம், தாளம், எந்த வாத்தியமும் இல்லை. இடுப்பில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி மட்டும் கட்டிய ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் வட்டம் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து 'சக் சக் சக்' என்று குரலாலேயே தாளம் கட்டுகிறார்கள். ஒரு கூட்டம் விட்ட இடைவெளியில் அடுத்த கூட்டத்தின் குரல் விழுகிறது. கேட்பவருக்கு ஒரே ஓட்டமாகக் கேட்கிறது. நடுவில் விளக்கு. அதைச் சுற்றி சீதை, இராவணன், அனுமன். அனுமனைச் சுற்றித் தீ வைக்கும் காட்சி வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். கதை நமக்குத் தெரிந்தது என்பதால் ஒரு சொல் புரியாவிட்டாலும் முழுவதும் புரியும். இந்த வடிவத்தில் இது 1930களில் உருவானது. டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். அங்கே இருக்கும் குரங்குகள் மூக்குக் கண்ணாடியையும் கைபேசியையும் பறிப்பதில் கைதேர்ந்தவை. இரண்டையும் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

இன்னொரு மாலை ஜிம்பரன் கடற்கரையில் மணலில் போட்ட மேசையில் சுட்ட மீன். எடை போடும்போதே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது மாலை பெரும்பாலும் மாநாட்டு விருந்தாக இருக்கும். துணைவருக்கும் அனுமதிச் சீட்டு உண்டா என்று பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். கடைசி நாளில் கிடைக்காது.

மாநாடு முடிந்த பிறகு

மாநாடு முடிந்ததும் ஹோட்டலை மாற்றுங்கள். அதே ஹோட்டலில் தங்கினால் காலை உணவு மேசையில் சக ஊழியரும் அலுவலகப் பேச்சும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அறையைக் காலி செய்யும் அன்று காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கி மாநாட்டு அறிக்கையை எழுதி அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு லேப்டாப்பை ஊருக்குத் திரும்பும் வரை திறக்க வேண்டாம்.

ஐந்து நாளில் தீவு முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். சாலைகள் குறுகலானவை, நாற்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். இரண்டு இடங்கள் போதும்.

முதலில் உபுத், இரண்டு இரவுகள். ஓவியத்துக்கு புரி லுகிசான், நேகா அருங்காட்சியகங்கள். காலை ஏழு மணிக்கு முன்பே சம்புஹான் மேட்டு நடைபாதை. அருகிலுள்ள தம்பக்சிரிங்கில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குனுங் காவி: ஆற்றுப் பள்ளத்தாக்கின் இரு புறமும் பாறையைக் குடைந்து செதுக்கிய பத்து நினைவுச் சின்னங்கள். ஏறி இறங்கச் சுமார் முந்நூறு படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போங்கள்.

ஒரு நாளை ஜதிலுவிக்குக் கட்டாயம் கொடுங்கள். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் இந்த நெல்வயல்கள் 'சுபாக்' என்ற பாசன முறையின் பகுதியாக 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றன. வயல் வரப்பில் நடந்து வாய்க்கால் பிரியும் இடத்தைத் தேடிப் பாருங்கள். ஓடும் நீருக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடக்கும். அதில் வெவ்வேறு அகலத்தில் வெட்டுகள் இருக்கும். எந்த வயலுக்கு எவ்வளவு பங்கோ அந்த அளவு அகலம். யார் முதலில் நடுவது, எப்போது தண்ணீர் விடுவது என்பதை விவசாயிகளே கூடி, நீர்க் கோயில்களின் சடங்குக் காலத்தை ஒட்டி முடிவு செய்கிறார்கள். ஏரிப் பாசனத்தில் மடை முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்து கிழக்குக் கரை, ஒன்று அல்லது இரண்டு இரவுகள். கடல் பிடிக்கும் என்றால் அமெட். பக்கத்தில் துலாம்பென் கரையோரம் 'லிபர்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் குண்டு பட்டுக் கரையில் ஒதுக்கப்பட்ட கப்பலை, 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளிவிட்டது. இப்போது அது பவளமும் மீனும் குடியிருக்கும் இடம். மேற்பகுதி ஆழமில்லாததால் மிதந்தபடியே முகமூடி வழியாகப் பார்க்கலாம். காற்றுக்குடுவை கட்டி முக்குளித்தால், அதன் பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறாதீர்கள். கடல் வேண்டாம் என்றால் நெசவும் வயலும் நிறைந்த சிதெமன் பள்ளத்தாக்கு. கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சனூரில் கழியுங்கள்.

சாப்பாடு

சைவம் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோயாவில் செய்யும் தெம்பே, தாஹு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய காடோ-காடோ, தேங்காய்த் துருவல் கலந்த காய்கறி உராப், வாழைப்பழ வறுவல் எங்கும் கிடைக்கும். சிக்கல் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில்தான். காய்கறி உணவிலும் 'தெராசி' எனப்படும் இறால் விழுது கலந்திருக்கும். 'தன்பா தெராசி' (இறால் விழுது வேண்டாம்) என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். குழாய் நீரைக் குடிக்காதீர்கள்.

உயிர் காக்கும் எச்சரிக்கைகள்

- கூத்தா, செமின்யாக், சங்கூ கடற்கரைகளில் இழுவோட்டம் கடுமை. சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள்.
- லேபிள் இல்லாத 'அராக்' சாராயத்தைத் தொடாதீர்கள். மெத்தனால் கலந்த சாராயத்தால் இங்கே உயிர்கள் போயிருக்கின்றன.
- 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் உண்டு. நாயோ குரங்கோ கடித்தால், நகம் பட்டால்கூட, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
- இருசக்கர வாகனத்துக்குச் செல்லும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடுக்காது.
- கோயிலுக்குள் இடுப்பில் சரோங் கட்டாயம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வர வேண்டாம் என்று அங்கே பலகை இருக்கும். நடைபாதையில் ஓலைத் தட்டில் பூ வைத்திருந்தால் அது படையல். மிதிக்காமல் விலகி நடங்கள்.

எட்டு நாள் திட்டம்

- நாள் 1: வருகை, நூசா துவா, ஓய்வு
- நாள் 2: மாநாடு / கடற்கரை, அருங்காட்சியகம், மாலை ஜிம்பரன்
- நாள் 3: மாநாடு / சனூர், டென்பசார், மாலை உலுவாட்டு
- நாள் 4: மாநாடு / சமையல் வகுப்பு, மாலை விருந்து
- நாள் 5: காலையில் அறிக்கை, மதியம் உபுத், பிறகு குனுங் காவி
- நாள் 6: ஜதிலுவி, இரவு உபுத்
- நாள் 7: காலையில் கிழக்குக் கரைக்கு
- நாள் 8: மதியத்துக்கு மேல் சனூர், மறுநாள் விமானம்

விடுப்பு கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால் கிழக்குக் கரையில் இரண்டாவது இரவையும் தங்குங்கள். இரண்டே நாள்தான் என்றால் கிழக்கை விட்டுவிட்டு உபுதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள்கூடக் கிடைக்காது என்றால் அதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே துணைவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த மூன்று பகல்களுக்காக மட்டும் வருவதா, வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.